பால் பல்லில் கறையா, குறையா? பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டியவை

"எப்படியும் விழப்போகிற பல்தானே!" பிள்ளையின் பால் பல்லில் வெள்ளைக் கோடோ கறுப்புக் கறையோ தெரிந்தால் நம் வீடுகளில் முதலில் எழும் பேச்சு இதுதான். முன்பற்கள் ஆறு, ஏழு வயதில் விழத் தொடங்குவது உண்மை. ஆனால் பால் கடைவாய்ப் பற்கள் 10 முதல் 12 வயது வரை வாயில் இருக்க வேண்டியவை. பிள்ளை மென்று சாப்பிட உதவுவதும், பின்னால் வரும் நிரந்தரப் பற்களுக்கு இடம் பிடித்து வைப்பதும் அவைதான்.

பல்லின் மேலே இருக்கும் வெள்ளைக் கவசம்தான் எனாமல். பால் பற்களின் எனாமல் தாயின் வயிற்றில் நான்காம் மாதமளவில் உருவாகத் தொடங்கி, குழந்தைக்கு ஒரு வயது ஆவதற்குள் முடிந்துவிடுகிறது. நிரந்தரப் பல்லின் எனாமலைவிட இது மெல்லியது. ஒருமுறை உடைந்தோ கரைந்தோ போனால் மீண்டும் வளராது.

மேலே படியும் கறை

இரும்புச் சத்து சொட்டு மருந்து குடிக்கும் குழந்தைகளுக்குப் பல் கறுப்பது சகஜம். ஈறை ஒட்டி மெல்லிய கறுப்புக் கோடு வருவது சில கிருமிகளால். இவை பல்லுக்குக் கேடு செய்வதில்லை. பல் மருத்துவர் மெருகேற்றினால் போய்விடும். கறைக்குப் பயந்து மருந்தை நிறுத்த வேண்டாம். மருந்து கொடுத்தபின் தண்ணீர் கொடுத்து, பல்லைத் துடைத்துவிட்டாலே போதும்.

உள்ளிருந்து வரும் நிறம்

பிறந்தபோது கடுமையான மஞ்சள் காமாலை கண்ட குழந்தைகளுக்குப் பற்கள் பச்சையாக முளைக்கலாம். கர்ப்ப காலத்தில் தாய் டெட்ராசைக்ளின் மருந்து உட்கொண்டிருந்தால் மஞ்சளாகவோ பழுப்பாகவோ வரலாம். கீழே விழுந்து அடிபட்ட பல் சில வாரங்களில் சாம்பல் நிறமாகலாம். இந்தப் பல்லை மட்டும் மருத்துவர் தொடர்ந்து கவனிக்க வேண்டும். ஈறில் கொப்புளமோ வீக்கமோ வந்தால் உடனே காட்டுங்கள். அங்கே சீழ் பிடித்தால், உள்ளே வளரும் நிரந்தரப் பல்லின் எனாமலும் பாதிக்கப்படலாம்.

எனாமல் குறை

குறைமாதத்திலோ எடை குறைவாகவோ பிறந்த குழந்தைகளுக்கு எனாமல் சரியாக அமையாமல் போக வாய்ப்பு அதிகம். பல்லில் குழி, பள்ளம், பழுப்புத் திட்டு தெரியும். குளிர்ந்த நீர் பட்டால் கூசும். இப்படிப்பட்ட பல் சீக்கிரம் சொத்தையாகும்.

அலட்சியம் கூடாத வெள்ளைக் கோடு

மேல் முன்பற்களில் ஈறோரமாகச் சுண்ணாம்பு பூசியதுபோல் வெள்ளைக் கோடு தெரிந்தால், அது பெரும்பாலும் சொத்தையின் தொடக்கம். டின்பாலோ மைலோவோ நிரப்பிய போத்தலை வாயில் வைத்தபடியே தூங்கும் பிள்ளைகளுக்கு இது அதிகம் வரும். பழுப்பாகிக் குழி விழுவதற்கு முன் கவனித்தால் இதைத் தடுத்து நிறுத்தலாம்.

என்ன சிகிச்சை?

வெள்ளைக் கோட்டுக்கும் கூச்சத்துக்கும் ஃபுளோரைட் வார்னிஷ் தடவுவார்கள். சில நிமிட வேலைதான், வலிக்காது. சிறு குழிகளைப் பல் நிறச் சிமெண்டால் அடைப்பார்கள். எனாமல் அதிகம் சிதைந்த கடைவாய்ப் பல்லுக்கு எஃகு உறை போடுவதுண்டு. சிகிச்சைக்கு அசையாமல் உட்கார முடியாத சிறு பிள்ளைகளுக்குச் சில்வர் டையமைன் ஃபுளோரைட் தடவிச் சொத்தையை நிறுத்தலாம். ஆனால் சொத்தையான இடம் நிரந்தரமாகக் கறுத்துவிடும் என்பதை முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள்.

உப்பு, கரித்தூள், சோடா மாவு, எலுமிச்சை போட்டுத் தேய்ப்பது கூடாது. கறை போவதுபோல் தெரிந்தாலும், மெல்லிய எனாமல்தான் தேயும். பெரியவர்களுக்கான வெண்மையூட்டும் பொருள்களையும் பயன்படுத்தாதீர்கள்.

வீட்டில் செய்ய வேண்டியது

முதல் பல் முளைத்த நாளிலிருந்து காலையும் இரவும் ஃபுளோரைட் பற்பசையால் துலக்கிவிடுங்கள். மூன்று வயதுக்குள் ஓர் அரிசி அளவு, அதன்பின் ஒரு பட்டாணி அளவு போதும். பற்பசையை அதிகம் விழுங்கினால், உள்ளே வளரும் நிரந்தரப் பற்களில் வெள்ளைத் திட்டு வரலாம். மலேசியாவில் குழாய் நீரில் ஃபுளோரைட் லிட்டருக்கு 0.4 முதல் 0.6 மில்லிகிராம் அளவில் கலக்கப்படுகிறது. எல்லா இடங்களிலும் இல்லை. கிணற்று நீரையோ ஆற்று நீரையோ நம்பியிருக்கும் தோட்டங்களில் பற்பசைதான் முக்கியத் துணை. இரவில் துலக்கிய பிறகு தண்ணீர் தவிர வேறெதுவும் கொடுக்காதீர்கள்.

ஒரு வயதுக்குள் பிள்ளையை ஒருமுறை பல் மருத்துவரிடம் காட்டுவது நல்லது. தடுப்பூசி போடப் போகும்போதே தாதியிடம் பல்லையும் காட்டிக் கேட்கலாம். 'கிளினிக் பெர்கிகியான்' என்று பலகை இருக்கும் அரசாங்கப் பல் கிளினிக்குகளில் கட்டணம் குறைவு. பள்ளிக்கு வரும் அரசாங்கப் பல் மருத்துவக் குழு மாணவர்களுக்கு இலவசமாகச் சிகிச்சை அளிக்கிறது. அதற்கான அனுமதிப் பாரம் வீட்டுக்கு வந்தால் பையிலேயே கிடக்க விடாமல், அன்றே கையெழுத்திட்டு அனுப்புங்கள்.