தேவிகுளம் எந்த மாவட்டம்? எந்த வருடத்தில் கேட்கிறீர்கள்?

எனக்குச் சோறு போடுவது வரைபடத் தரவுத்தளம். அதில் ஒரு பாலபாடம் உண்டு: எல்லை மாறினால் பழைய கோட்டை அழிக்காதே, 'எப்போதிலிருந்து', 'எப்போது வரை' என்று இரண்டு தேதி போட்டு அதையும் வைத்துக்கொள்.

இதற்கு நம்ம இடுக்கி, பாலக்காடு போல உதாரணம் கிடைக்காதுங்க. தேவிகுளத்தில் 1955-ல் பிறந்த அண்ணன் திருவிதாங்கூர்-கொச்சிக்காரர். 1960-ல் பிறந்த தம்பிக்குக் கேரளம், கோட்டயம் மாவட்டம். 1973-ல் பிறந்த தங்கைக்கோ இடுக்கி. அந்த மாவட்டம் உருவானது 1972 ஜனவரி 26-ல். ஒரே வீடு, மூன்று முகவரி! பாலக்காட்டில் 1955-ல் பிறந்தவர் சென்னை மாநிலம், மலபார் மாவட்டம்.

கதை அதோடு முடியவில்லை. 1997-ல் குட்டம்புழா எர்ணாகுளத்துக்குப் போக, கேரளத்தின் பெரிய மாவட்டம் என்ற பெயர் இடுக்கியை விட்டுப் பாலக்காட்டுக்கு வந்தது. 2023 செப்டம்பரில் குட்டம்புழாவின் சுமார் 12,718 ஹெக்டேர் இடமலைக்குடியோடு சேர, பட்டம் மறுபடி இடுக்கிக்கு.

இன்றைய எல்லையை மட்டும் வைத்திருக்கும் கணினி, அப்பாவின் பிறப்புச் சான்றிதழைத் தப்பு என்று சொல்லும். காகிதம் சரிதான், கணினிக்குத்தான் ஞாபகம் இல்லை. அதனால் மக்களே, பிறந்த ஊரோடு மாவட்டம் மாறிய வருடத்தையும் பிள்ளைகளுக்குக் குறித்துக் கொடுங்கள். வெளிநாட்டு அலுவலக ஜன்னலில் நிற்கும்போது அதுதான் கைகொடுக்கும்.