ஹேர் டிரையரும் டி.என்.ஏ-வும்

மெக்கானிக்கல் படிச்சுட்டு இப்போ கீபோர்டு தட்டிக்கிட்டிருக்கிற சக பதிவர்களே, இது உங்களுக்குத்தான். தட்டுத்தடுமாறி பாஸ் பண்ணோமே ஹீட் டிரான்ஸ்ஃபர், அதை வச்சு ஒரு டாக்டர் உயிரியலையே ஓட வச்ச கதை.

பி.சி.ஆர்-னா என்னன்னு கொரோனா புண்ணியத்துல எல்லாருக்கும் தெரியும். துளியூண்டு டி.என்.ஏ-வைக் கோடிக்கணக்கில் பெருக்கும் முறை. 1983-ல் கேரி முல்லிஸுக்குத் தோன்றிய யோசனை, 1993-ல் நோபல். 95 டிகிரிக்குச் சூடாக்கினா இரட்டை இழை பிரியும்; 55 வாக்கில் ஆறவிட்டா பிரைமர் ஒட்டும்; 72-ல் என்ஸைம் புது இழை கட்டும். இப்படி 30 சுற்று. ஆரம்பத்துல ஆளே உட்கார்ந்து டியூபைத் தொட்டிக்குத் தொட்டி மாத்தணும். சூட்டுல என்ஸைம் செத்துடும், சுற்றுக்கு ஒருதரம் புதுசா ஊத்தணும். வெந்நீர் ஊற்றில் வாழும் பாக்டீரியாவோட டாக் என்ஸைம் வந்துதான் அந்தத் தொல்லை தீர்ந்தது.

அப்புறம் மிஷினும் வந்தது. ஆனா மணிக்கணக்கில் ஓடும். நோயாளியும் காத்திருக்கணும்.

யூட்டா பல்கலைக்கழகத்தின் கார்ல் விட்வெர் கேட்ட கேள்வி எளிமையானது: நேரமெல்லாம் எங்கே போகுது? டாக் என்ஸைம் நொடிக்கு 60 எழுத்துக்கு மேல கோர்க்கும். 150 எழுத்துத் துண்டுக்கு மூணு நொடிகூட வேண்டாம். இழை பிரியறதும் பிரைமர் ஒட்டறதும் அதைவிட வேகம். மெதுவா இருந்தது டியூபைச் சுமந்த உலோகக் கட்டிதான்! இட்லிக் குண்டான் மாதிரி, சூடாகவும் நேரம், ஆறவும் நேரம். அவர் கட்டியைத் தூக்கிப் போட்டுட்டு, மெல்லிய கண்ணாடிக் குழாயில் சில மைக்ரோலிட்டரை அடைச்சு, ஹேர் டிரையர் சூட்டுக் காத்தை ஊதவிட்டார். 1989, 1990-ல் கட்டுரைகள் வந்தன. 30 சுற்று, அரைமணிக்குள்ள!

பெருகியதைக் கண்டுபிடிக்கத் தனியா ஜெல் ஓட்டும் வேலை பாக்கி. ஹிகுச்சி குழு ஏற்கெனவே குழாய்க்குள்ளேயே ஒளிரும் சாயம் போட்டு வீடியோ கேமராவில் பார்த்திருந்தாங்க. விட்வெர் குழு வேகத்தையும் வெளிச்சத்தையும் சேர்த்துச் செய்ததுதான் 1997-ல் எழுதிய லைட்சைக்ளர். இழை பெருகப் பெருக சாயம் பளிச்சிடும், சுற்றுக்குச் சுற்று திரையில் தெரியும்.

எனக்குப் பிடிச்ச கட்டம் 2015. விட்வெரும் ஃபாராரும் பிரைமரையும் என்ஸைமையும் வழக்கத்தைவிடப் பத்து மடங்குக்கு மேல ஏத்தி, 35 சுற்றை 15 முதல் 60 நொடியில் முடிச்சாங்க. எப்படிச் சூடாக்கினாங்கன்னு நினைக்கிறீங்க? தண்ணித் தொட்டிகள்! குழாயை மாத்தி மாத்தி முக்கினது மட்டும் மோட்டார் :-)

இப்போ அதைவிட அதிக நேரம் பிடிப்பது, ரத்தத்திலிருந்து டி.என்.ஏ-வைப் பிரிச்செடுக்கும் முதல் வேலை.