பெட்டிக்குள் கிடக்கும் பூர்வீகம்

நமது பூர்வீகம் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் நம்மவர் பார்வை கடலைத் தாண்டி அரபு நாட்டுக்குப் போய்விடுகிறது. 1888 இல் பொன்னம்பலம் இராமநாதன் இலங்கைச் சோனகரின் இனவியல் பற்றிக் கட்டுரை வாசித்ததும், 1907 இல் ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் அதற்கு மறுப்பு நூல் வெளியிட்டதும் நாமறிந்தவை. அது ஒரு சமூகத்தின் வேர் பற்றிய விவாதம். ஒரு குடும்பத்தின் வேரைத் தேடுபவருக்கு அது வழிகாட்டாது.

திருகோணமலையில் காணி பற்றிய எழுத்துக்குப் பஞ்சமில்லை. கோணேசர் கோயிலுக்கு 250 வேலி நிலம் வழங்கப்பட்டதைச் சோழர் கால நிலாவெளிக் கல்வெட்டு கூறுகிறது. கோயில் ஊழியத்துக்காகக் குடிகள் அமர்த்தப்பட்ட கதையைக் 'கோணேசர் கல்வெட்டு' நூல் சொல்கிறது. ஆயினும் சாதாரண உழவனின் வம்சத்தை இவற்றில் காண முடியாது. 1660 இல் கொட்டியாரத்தில் சிறைபிடிக்கப்பட்ட ரொபேட் நொக்ஸ், பரங்கிப்பேட்டை வணிகர் சிலர் தமது கப்பலில் வந்து இங்கு கரையிறங்கியதை 1681 இல் வெளியான நூலில் குறிப்பிடுகிறார். அவர்களின் பெயர்களைக் குறிப்பிடவில்லை. ஒல்லாந்தர் 18 ஆம் நூற்றாண்டில் ஆட்களையும் காணிகளையும் பதிந்த பெருந் தோம்புகளோ கொழும்பு, காலி, யாழ்ப்பாணப் பகுதிகளுக்குரியவை.

ஆங்கிலேயர் காலத்தில்தான் எழுத்தில்லாமை நமக்கு ஆபத்தாயிற்று. 1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், காடும் தரிசும் மறுதலையாக நிரூபிக்கப்படும்வரை முடிக்குரியவை எனக் கொண்டது. இடைவிட்டுச் செய்யும் சேனையும் அதற்குள் அடங்கியது. நிரூபிக்கும் சுமை, பாட்டன் வெட்டிய சேனையில் நின்ற ஏழையின் தலையில் விழுந்தது. அன்றிலிருந்து நம்மிடையே வம்ச வரலாறு வெறும் பெருமைக் கதையன்று. அது காணிக்கான சாட்சியும்கூட.

அந்தச் சாட்சியை நான் முதலில் வாப்பா வழியில் தேடினேன். பெர்மிட் பத்திரத்தில் அவர் பெயர் மட்டுமே இருந்தது. பிறகு உம்மாவின் பெட்டியைத் திறந்தபோது உம்மும்மாவின் சீதன உறுதி கிடைத்தது. அவருடைய உம்மாவின் பெயரும், வளவு அவருக்கு எவ்வாறு வந்தது என்பதும், முந்திய உறுதியின் இலக்கமும், நொத்தாரிசின் பெயரும் அதிலிருந்தன. நான்கு எல்லைகளிலும் அயலவர் பெயர்கள். அவர்களில் இருவர் நமது சொந்தக்காரர் என்பது அன்றுதான் விளங்கியது. கிழக்கிலே வீடு மகளுக்கே போகிறது. ஆகவே வளவின் வரலாறு பெண்வழியாகவே நடந்து வந்திருக்கிறது.

1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் இந்த வழியைக் குறுக்கியது. பின்னுரித்தாளர் நியமிக்கப்படாதவிடத்து மகனுக்குப் பின்பே மகள் என்ற அதன் ஒழுங்கு 2022 ஆம் ஆண்டுத் திருத்தம் வரை நீடித்தது. பெர்மிட் காணிகளின் கடதாசிகளில் நம் மூத்த பெண்களின் பெயர்கள் அருகிப் போனதற்கு இதுவும் ஒரு காரணம்.

2006 ஓகஸ்டில் மூதூர் மக்கள் கந்தளாய்க்கு இடம்பெயர்ந்தபோது பிள்ளைகளைத் தூக்கினார்கள். பெட்டிகளைத் தூக்க நேரமிருக்கவில்லை. மூல உறுதி தொலைந்தாலும், நொத்தாரிசு காணிப் பதிவகத்துக்கு அனுப்பிய இரண்டாம் பிரதியிலிருந்து அத்தாட்சிப்படுத்திய நகல் பெறலாம். அதற்கு உறுதி இலக்கம், திகதி, நொத்தாரிசின் பெயர் ஆகிய மூன்றும் கைவசம் இருந்தால் தேடல் எளிதாகும். இந்த மூன்றையும் எத்தனை வீடுகளில் தனியே எழுதி வைத்திருக்கிறார்கள்?

என் வகுப்புப் பிள்ளைகளிடம் வீட்டிலுள்ள உறுதிகளைப் பார்த்து இவற்றை ஒரு கொப்பியில் எழுதி வரச் சொன்னேன். ஒரு மாணவி தன் உம்மாவின் உம்மாவின் உம்மா பெயரை எழுதி வந்தாள். அந்தப் பெயரைத் தன் வீட்டில் யாரும் சொல்லித் தான் கேட்டதில்லை என்றாள்.

அரபு நாட்டு மூதாதையைப் பிறகு தேடுவோம். முதலில் உம்மாவின் பெட்டியைத் திறப்போம்.