எந்தப் பதிப்பை வாங்குவது?



கம்பஸ் போகும் நம்ம பிள்ளைகளுக்காகச் சேர்த்த காசில் கோல்ட்ஸ்டைன் எழுதிய இயக்கவியல் புத்தகத்தை வாங்கப் போகிறோம் என்று சொல்லியிருந்தோம். "2ஆம் பதிப்பா, 3ஆம் பதிப்பா என்று ஏன் சேர் யோசிக்கிறீங்க? புதுசைத்தானே வாங்க வேணும்?" என்று ஒரு காக்கா கேட்டார். நியாயமான கேள்வி. கையில் ஒரு புத்தகத்துக்குத்தான் காசு இருக்கிறது. பதில் சொல்ல 300 வருடத்துக்கு மேல் பின்னால் போக வேண்டும்.

இந்தப் பாடத்துக்குத் தாய்ப் புத்தகம் நியூட்டனின் 'பிரின்சிப்பியா'. கடல் ஏன் பெருகுகிறது, ஏன் வற்றுகிறது என்பதைச் சந்திரன், சூரியனின் ஈர்ப்பால் விளக்கியதும் அதுதான். 1687இல் அதை அச்சிட லண்டன் ராயல் சொசைட்டியிடம் காசில்லை. முந்திய வருடம் மீன்களைப் பற்றிப் படங்களோடு போட்ட பெரிய புத்தகம் விற்காமல் தேங்கிவிட்டது. வால்வெள்ளியால் நாம் அறிந்த ஹாலி, நியூட்டனின் புத்தகத்தைத் தன் கைக்காசில் அச்சிட்டார். சொசைட்டி அவருடைய சம்பளத்துக்குப் பதிலாக அந்த மீன் புத்தகத்தில் 50 பிரதிகளைக் கொடுத்தது! விற்காத மீனின் கஷ்டம் நம்ம கரைக்குத் தெரியும்.

1713இல் 2ஆம் பதிப்பு வந்தது. காற்றின் தடையை எதிர்த்துப் பறக்கும் பொருள் பற்றிய கணக்கொன்றில் பிழை இருப்பதை சுவிஸ் கணித அறிஞர் யோஹான் பெர்னூலி கண்டுபிடித்திருந்தார். அச்சு வேலை நடந்துகொண்டிருக்கும்போதே நியூட்டனுக்குச் செய்தி போனது. அவர் கணக்கைத் திருத்தினார். அந்தப் பக்கங்கள் மறுபடி அச்சாகின. இங்கே புதுப் பதிப்புதான் சரி.

1726இல் 3ஆம் பதிப்பு. முதல் இரண்டு பதிப்பிலும் லைப்னிட்ஸைப் பற்றி ஒரு குறிப்பு இருந்தது. நுண்கணிதத்தை முதலில் கண்டுபிடித்தவர் யார் என்ற சண்டை முற்றிய பிறகு, 3ஆம் பதிப்பில் அவருடைய பெயரே அந்த இடத்தில் இல்லை. அதை அறிய வேண்டுமென்றால் பழைய பதிப்புத்தான் வேண்டும்.

இனி நம்ம புத்தகம். முதற் பதிப்பு 1950, 2ஆம் பதிப்பு 1980. 2002 வாக்கில் வந்த 3ஆம் பதிப்பில் பூல், சாஃப்கோ என்ற இருவர் சேர்ந்து, கயோஸ் பற்றிய புது அத்தியாயம் ஒன்றைக் கூட்டினார்கள். ஆனால் 2ஆம் அத்தியாயத்தில் ஒரு சிக்கல் புகுந்தது. சைக்கிள் சில்லு பக்கவாட்டில் வழுக்காது. என்றாலும் ஹேண்டிலைத் திருப்பித் திருப்பி மைதானத்தின் எந்த மூலைக்கும் போய்விடலாம். இடத்துக்குக் கட்டுப்பாடில்லை, வேகத்துக்குத்தான் உண்டு. இப்படியான கணக்குகளுக்கு 2ஆம் பதிப்புச் சொன்ன வழி சரி. 3ஆம் பதிப்பில் விரித்தெழுதிய வழி பிழையான சமன்பாட்டைத் தருகிறது என்று 2005இல் ஃப்ளானரி என்ற பௌதிகவியலாளர் ஓர் ஆய்விதழில் காட்டினார்.

ஆக, புதுசு ஒரு பிழையைத் திருத்தலாம். இன்னொன்றைக் கொண்டும் வரலாம். பழசில்தான் எல்லாம் சரி என்பதும் கதையல்ல.

அதனால் நாங்கள் முடிவெடுத்தது இது. 3ஆம் பதிப்பை வாங்குவோம். கயோஸ் பாடம் பிள்ளைகளுக்கு வேண்டும். 2ஆம் அத்தியாயத்தில் அந்த இடத்தைச் சொல்லி, உள்ளட்டையில் குறிப்பெழுதி ஒட்டுவோம். அந்தக் குறிப்பை கம்பஸ் பிள்ளைகளே கணக்கைச் செய்து பார்த்து எழுதட்டும்.

ஓர் உதவியும் வேண்டும். 1981இல் யாழ் நூலகத்தோடு ஏறக்குறைய 97,000 புத்தகங்கள் எரிந்தன. 1990 ஒக்டோபரில் எங்கள் பெற்றோர் வீட்டை விட்டுப் போனபோது புத்தகத்தையா தூக்கினார்கள்? பழைய பதிப்பு இந்தப் பக்கத்தில் கிடைப்பது கஷ்டம். யாருடைய வீட்டு அலுமாரியிலாவது கோல்ட்ஸ்டைன் 2ஆம் பதிப்பு கிடந்தால், அட்டை கிழிந்திருந்தாலும் பரவாயில்லை, இரவலாகத் தாருங்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பிள்ளைகள் படிக்கட்டும், இன்ஷா அல்லாஹ்.