தும்பறை நெசவும் கோலத்தின் உடைமையும்: ஒரு வரலாற்று நோக்கு

கைவினைகளின் வரலாறு நம்மிடையே பெரும்பாலும் அழகியலின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. ஒரு பாயிலோ துணியிலோ காணப்படும் கோலத்தின் வடிவம், நிறம், தொன்மை ஆகியன விரிவாகப் பேசப்படுகின்றன. அக்கோலத்தை அறிந்திருந்தோர் யாவர், அவ்வறிவின் பயனைத் துய்த்தோர் யாவர் என்னும் வினாக்கள் அரிதாகவே எழுப்பப்படுகின்றன. கண்டி நகருக்குக் கிழக்கே விரிந்துள்ள தும்பறைப் பிரதேசத்தின் கோல நெசவை முன்னிறுத்தி இவ்வினாக்களை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நெசவின் அடிப்படைப் பொறிமுறை எளியது. நீளவாக்கிற் கட்டப்பட்ட பாவிழைகளுட் சில உயர, ஏனையவை தாழ, இடையே தோன்றும் வெளியினூடாக ஊடையிழை செல்லுகிறது. ஒன்றுவிட்டொன்றாக இழைகள் உயருமாயின் வெற்றுத்துணி உருவாகும். கோலம் வேண்டுமாயின், ஒவ்வோர் ஊடைக்கும் எவ்வெப் பாவிழைகள் உயரவேண்டும் என்பது முன்கூட்டியே தீர்மானிக்கப்பட்டிருத்தல் வேண்டும். உயர்வதா, தாழ்வதா என்ற இரண்டே விடைகளைக் கொண்ட இத்தீர்மானங்களின் ஒழுங்குபட்ட தொகுதியையே நாம் கோலம் என்கிறோம். நூல் நூற்கப்படுமுன்னரே ஏதோ ஓரிடத்திற் சேமித்து வைக்கப்பட்டிருக்கும் அறிவு அது. அந்த இடம் எது, அதன்மேல் அதிகாரம் யாருடையது என்பன காலத்துக்குக் காலமும் சமூகத்துக்குச் சமூகமும் வேறுபட்டு வந்துள்ளன.

தும்பறைப் பாய்களை நெய்து வருவோர் கின்னர சாதியினர் ஆவர். குண்டசாலைப் பகுதியைச் சார்ந்த ஹேனவலைக் கிராமம் இன்றும் இத்தொழிலுக்குப் பேர்போனது. சிங்களத்தில் ‘ஹண’ என வழங்கும் தாவரத்தின் இலைகளைச் சுரண்டி நாரெடுத்து, சீவி, சாயமூட்டி, தறியில் நெய்வது மரபு. பதங்க மரத்திலிருந்து சிவப்பும், மரமஞ்சளிலிருந்து மஞ்சளும், கடுக்காய் முதலியவற்றிலிருந்து கருமையும் பெறப்பட்டன. பாவிழைகளை எண்ணி, வேண்டியவற்றைக் குச்சியால் உயர்த்தி, நிறமூட்டிய நாரை இடையே செலுத்துவதாற் கோலம் பிறக்கிறது. எண்ணிக்கையே கோலத்தின் இலக்கணமாதலின் வளைகோடுகள் படிக்கட்டு வடிவம் பெறுகின்றன. பறவை, மான், பாம்பு, யானை ஆகியனவும் கோணங்களாகவே அமைகின்றன. இந்த எண்ணிக்கை மூத்தோர் செய்வதைக் கண்டும் உடனிருந்து செய்தும் கற்கப்பட்டது. ஆகவே இங்கு கோலத்தின் சேமிப்பிடம் நெசவாளியின் நினைவும் கைகளுமே.

பருத்தி நெசவும் இப்பிரதேசத்தில் நிலைபெற்றிருந்தது. உடதும்பறையைச் சேர்ந்த தலகுனைக் கிராமத்தில் பறைமேளம் அடித்தலைக் குலத்தொழிலாகக் கொண்ட பெரவா சாதியினர் துணி நெய்தனர். துப்பொட்டி எனப்பட்ட உடையாடை, படுக்கை விரிப்பு, இடைப்பட்டி முதலியன அவர்களது தறிகளிலிருந்து வெளிவந்தன. மேளமும் தறியும் ஒரே சமூகத்தின் கையில் இருந்தமை வியப்புக்குரியதன்று. தமிழ்நாட்டிலும் பறையர் சமூகத்தினர் முரட்டுத்துணி நெய்தமை அறியப்பட்டதே. சடங்குநிலையில் தாழ்த்தப்பட்ட சமூகங்கள் உற்பத்திநிலையில் இன்றியமையாதனவாய் இருந்தமை இரு பிரதேசங்களுக்கும் பொதுவான உண்மையாகும்.

கண்டி இராச்சியத்தின் சமூக அமைப்பை நோக்குமிடத்து இவ்வுண்மை மேலும் தெளிவுறும். நிலத்தை அனுபவிக்கும் உரிமைக்கு ஈடாக ஒவ்வொரு குலமும் அரசனுக்கோ, பிரதானிக்கோ, விகாரைக்கோ, தேவாலயத்துக்கோ தன் தொழிலைச் சேவையாகச் செலுத்தக் கடமைப்பட்டிருந்தது. இராஜகாரியம் எனப்பட்ட இம்முறையில், கைவினைக் குலங்கள் ‘பத்த’ என்னும் நிருவாகப் பிரிவுகளின் கீழ் ஒழுங்குபடுத்தப்பட்டன. நுண்ணிய பாய்கள் அரண்மனைக்கும் வளவுகளுக்கும் சென்றன. 1660 முதல் 1679 வரை கண்டி இராச்சியத்திற் சிறையிருந்த றொபேட் நொக்ஸ் 1681இல் வெளியிட்ட நூலிற் சாதிகளை வரிசைப்படுத்தும்போது, நுண்ணிய பாய் நெய்வோரை அவ்வரிசையின் கீழ்ப்பகுதியில் வைக்கிறார். அவ்வாடவர் தலையில் எதனையும் அணியலாகாது என்ற விதியையும் குறிப்பிடுகிறார். தாழ்த்தப்பட்ட சாதியினர் முழங்காலுக்குக் கீழே துணி உடுத்தலாகாது என்பதும் அவர் தரும் செய்தியே. இராச்சியத்தின் மிகச் சிறந்த கோலங்களை அறிந்தோர் தம் உடலில் எதை, எவ்வளவு உடுத்தலாம் என்பதைத் தாமே தீர்மானிக்கும் உரிமையற்றிருந்தனர். கோலம் நெசவாளியிடம் இருந்தது. நெசவாளியோ சாதி அமைப்பின் பிடியில் இருந்தார். அறிவு கையைவிட்டுப் பிரிக்கப்படாத இடத்திலும் சுரண்டல் நிகழக்கூடும் என்பதற்கு இது தக்க சான்றாகும்.

இதனோடு ஒப்புநோக்கத்தக்க பிறிதொரு வரலாற்றை ஐரோப்பாவிற் காண்கிறோம். கோலத்தை மனித நினைவிலிருந்து தறிக்கு மாற்றும் முயற்சி ஐரோப்பியரின் தனிச்சொத்தன்று. 2012 – 2013ஆம் ஆண்டுகளிற் சீனாவின் செங்டு நகரருகே லாவோகுவான்ஷான் கல்லறையொன்றில் கண்டெடுக்கப்பட்ட நான்கு தறி மாதிரிகள், கி.மு. இரண்டாம் நூற்றாண்டிலேயே கோலத்தை விழுதுத் தொகுதியிற் பதித்துவைக்கும் பொறிமுறை அங்கிருந்தமையைக் காட்டியுள்ளன. எனினும், அவ்வறிவு தறியிலிருந்து முற்றாகக் கழற்றியெடுக்கத்தக்க ஒரு பொருளாகியமை பிரான்சின் லியோன் நகரிலேயே. அங்கு 1725இல் பூஷோன் துளையிட்ட கடதாசிச் சுருளையும், 1728இல் ஃபல்கோன் துளையட்டைகளையும் பயன்படுத்தினர். 1745இல் வோக்கன்சோன் அதனைத் தானியங்கியாக்க முனைந்தார். இம்முயற்சிகளின் நிறைவாக 1804இல் யோசேப் மரி ஜக்கார்ட் அமைத்த பொறி வந்தது. அட்டையில் துளையுள்ள இடத்தில் ஊசி தடையின்றி நிற்க, அதனோடிணைந்த கொக்கி பாவிழையை உயர்த்துகிறது. துளையில்லாத இடத்தில் ஊசி தள்ளப்பட்டு, இழை தாழ்ந்தே கிடக்கிறது. ஓர் ஊடைக்கு ஓர் அட்டை என அட்டைகள் கோவையாகத் தொடர்கின்றன. 1839இல் இப்பொறியினால் நெய்யப்பட்ட ஜக்கார்டின் பட்டு உருவப்படமொன்றுக்கு ஏறத்தாழ 24,000 அட்டைகள் தேவைப்பட்டன. அப்படத்தின் பிரதியொன்றை வைத்திருந்த சார்ள்ஸ் பாபேஜ் தமது கணிப்பொறித் திட்டத்துக்கு இவ்வட்டைமுறையையே கைக்கொண்டார். இற்றை நாட்கணினியின் முன்வரலாற்றில் நெசவுத் தறிக்குரிய இடம் இவ்வாறு அமைகிறது.

இப்பொறியின் சிறப்பைப் போற்றுவோர் பெரும்பாலும் இங்கேயே நின்றுவிடுகின்றனர். ஆயின் தறியின் மேற்கயிறுகளை இழுத்துக் கொடுத்த உதவியாளனின் தொழில் இப்பொறியால் இல்லாதொழிந்தது. லியோனின் தலைமை நெசவாளர் தறிக்குச் சொந்தக்காரராய் இருந்தபோதிலும், பட்டு நூலும் கோலமும் வணிக முதலாளிகளிடமிருந்தே வந்தன. 1806 மார்ச் 18ஆந் திகதிச் சட்டம் லியோனில் அமைத்த தொழில் மன்றத்தில், முதலாளிகள் தத்தம் கோலங்களைப் பதிவுசெய்து உரிமை கோர வழி பிறந்தது. அட்டைப் பொறி தோன்றி ஈராண்டுகளுக்குள் கோலம் இவ்வாறு சட்டத்தின் முன் பதிவுபெற்ற உடைமையாயிற்று. 1831இலும் 1834இலும் லியோன் நெசவாளர் கிளர்ந்தெழுந்தனர். 1831இல் அவர்கள் முன்வைத்த தலையாய கோரிக்கை, நெய்த துணிக்குக் குறைந்தபட்ச விலை விகிதம் வேண்டும் என்பதே. ஆரம்ப நாட்களிற் பொறியை எதிர்த்தோரின் வழித்தோன்றல்கள், பிரச்சினை பொறியைச் சுற்றியமைந்த உற்பத்தி உறவுகளிலே உள்ளது என்பதை அனுபவத்தால் உணர்ந்திருந்தனர் எனலாம்.

அட்டைத் தறி கண்டியின் நெசவாளரை நேரே வந்து எதிர்கொள்ளவில்லை. இயந்திர முதலாளித்துவம் அவர்களிடம் இறக்குமதித் துணியின் வடிவிலேயே வந்துசேர்ந்தது. இதற்கு முன்னோடியான நிகழ்வைக் கரையோரத்திற் காணலாம். தென்னிந்தியாவிலிருந்து வந்த நெசவாளர் எனத் தம் மரபு கூறும் சலாகம சாதியினர், போர்த்துக்கேயர் காலத்திலும் ஒல்லாந்தர் காலத்திலும் கறுவாப் பட்டையுரிக்கும் கட்டாய உழைப்பில் ஈடுபடுத்தப்பட்டனர். உலகச் சந்தையின் தேவைக்காகத் தறி கைவிடப்பட்ட வரலாறு அது. மலையகத்தில் 1815இல் கண்டி இராச்சியம் வீழ்ந்ததோடு அரச ஆதரவு அற்றுப்போயிற்று. 1832இல் இராஜகாரியம் ஒழிக்கப்பட்டது. கோப்பிப் பெருந்தோட்டங்கள் பரவின. 1867இல் இருப்புப்பாதை கண்டியை அடைந்தது. ஆலைத்துணி மலைக் கிராமங்களுக்கு மலிவாக வந்தடைய, கைநெசவு ஒடுங்கிற்று.

இராஜகாரிய ஒழிப்பு முழுமையானதாகவும் அமையவில்லை என்பது மனங்கொளத்தக்கது. விகாரைகளுக்கும் தேவாலயங்களுக்கும் நிந்தகம உடைமையாளருக்கும் உரிய சேவைகள் தொடர்ந்தன. 1870ஆம் ஆண்டின் சேவை நிலவுரிமைக் கட்டளைச் சட்டம் அவற்றைப் பணமாக மாற்றிச் செலுத்த வழிவகுத்ததேயன்றி உடனடியாக அகற்றவில்லை. கண்டிக் கிராமப்புறத்தை ஆராய்ந்த மார்க்சியச் சமூகவியலாளர் நியூட்டன் குணசிங்க, முதலாளித்துவத்தின் விளிம்பில் பழைய உற்பத்தி உறவுகள் அழியாது மீளவும் உயிர்ப்பிக்கப்படுவதைச் சுட்டிக்காட்டினார். 1988இல் அவர் மறைந்த பின் 1990இல் வெளிவந்த அவரது ஆய்வு இவ்விடயத்தில் இன்றியமையாதது. நெசவாளர் சந்தையின் பாதிப்பையும் சாதியின் பாதிப்பையும் ஒருங்கே சுமந்தமையை அவ்வாய்வின் ஒளியில் நாம் விளங்கிக்கொள்ள முடிகிறது.

இவ்வொடுக்கத்தை முதன்முதல் விரிவாகப் பதிவுசெய்தவர் ஆனந்த குமாரசுவாமி. 1903 முதல் 1906 வரை கனிப்பொருள் ஆய்வின் பணிப்பாளராய் இலங்கை முழுதும் திரிந்தபோது, அவர் கண்டிக் கைவினைகளையும் ஆராய்ந்தார். அதன் பேறாகிய ‘இடைக்காலச் சிங்களக் கலை’ 1908இல் வெளியாயிற்று. வில்லியம் மொறிஸ் பயன்படுத்திய கையச்சு இயந்திரத்தில் அச்சான அந்நூலின் பிரதிகள் 425 மாத்திரமே. அவரது துணைவியார் எத்தெல் இப்பணியில் உடனுழைத்தார். பின்னர் எத்தெல் மைறே என்ற பெயரில் இங்கிலாந்தின் முதன்மையான கைநெசவாளருள் ஒருவராய் விளங்கிய அவர், 1916இல் தாவரச் சாயங்கள் பற்றி நூலொன்றும் வெளியிட்டார். குடியேற்ற ஆட்சி கைவினைகளுக்கு இழைத்த கேட்டைக் குமாரசுவாமி அஞ்சாது எடுத்துரைத்தார். அப்பணிக்கு நாம் என்றும் கடமைப்பட்டவர்கள்.

எனினும் அவரது நோக்கின் எல்லையையும் வரையறுத்துக்கொள்ளல் வேண்டும். நிலமானியச் சமூகத்திற் கைவினைஞன் நிலத்தால் பாதுகாக்கப்பட்டு, சந்தைப் போட்டியின்றி, நிறைவோடு தொழில் செய்தான் என்பது அவரது நிலைப்பாட்டின் சாரம். உழைப்பும் சிந்தனையும் பிளவுபடாத நிலையை அவர் அங்கு கண்டார். அது ஓரளவு உண்மையே. மார்க்ஸும் மனித உழைப்பின் தனித்தன்மையை, செய்யவிருக்கும் பொருளை முன்னரே மனத்தில் உருவகித்தலிற் கண்டார். ஆயினும் அவ்வுருவகிப்புக்குரியவனின் தலையில் துணியணியத் தடையிருந்தது. குமாரசுவாமி சாதியை ஒருவகைத் தொழிற்குழுவாக விளக்க முற்பட்டபோது, அத்தடையின் கொடுமை பின்னணிக்குச் சென்றுவிட்டது. இயந்திர நாகரிகத்தின் மீதான நியாயமான சினம், அதற்கு முந்திய அடிமைத்தனத்துக்கு அழகூட்டும் கருவியாகிவிடலாகாது.

சுதந்திரத்துக்குப் பின் அரசு கைவினைகளுக்கு ஆதரவளித்தது. 1964இல் தொடங்கிய லக்சல விற்பனை நிலையங்கள் வழியாகத் தும்பறைக் கோலங்கள் நகர மத்திய வர்க்கத்தையும் வெளிநாட்டுப் பயணிகளையும் சென்றடைந்தன. பாய் என்ற நிலையிலிருந்து சுவர்த் தொங்கலாகவும் மெத்தையுறையாகவும் அது உருமாறிற்று. இறக்குமதிக் கட்டுப்பாடுகள் நிலவிய காலத்தில் வளர்ந்த கைத்தறித் துறை, 1977இன் திறந்த பொருளாதாரக் கொள்கையின் பின் பெரும் வீழ்ச்சியுற்றது. 1983இல் மின்னணுக் கட்டுப்பாட்டு ஜக்கார்ட் தறி மிலான் கண்காட்சியில் வைக்கப்பட்டதோடு, அட்டையும் தேவையற்றதாயிற்று. இன்று எந்தக் கோலத்தையும் படம்பிடித்து, எந்தத் தறியிலும் எத்தனை முறையும் நெய்யலாம், அச்சிடலாம். தும்பறைக் கோலங்களும் அவ்வாறே புடைவைகளிலும் பைகளிலும் பரவியுள்ளன.

2021இல் யுனெஸ்கோ நிறுவனம் தும்பறைக் கோலப்பாய் நெசவை மானிடத்தின் அருவ மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்தது. இது வரவேற்கத்தக்கதே. அதேவேளை, 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் நாட்டார் கலை வெளிப்பாடுகளுக்குப் பாதுகாப்பளிக்கும்போது, அவற்றைப் பயன்படுத்த அனுமதி வழங்கும் அதிகாரத்தை அரசு நியமிக்கும் அதிகாரியிடம் ஒப்படைக்கிறது. கோலத்தைப் பேணிய சமூகத்திடம் அன்று. அரண்மனையும் வளவும் இருந்த இடத்தில் இன்று அரசும் சந்தையும் நிற்கின்றன. நெசவாளியின் இடம் பெரிதும் மாறியதாகக் கூறுவதற்கில்லை.

இத்தொழிலில் ஈடுபடுவோர் அருகிவருவது பற்றி வருந்துவோர் பலர். அவர்கள் கேட்கத் தவறும் வினா ஒன்றுண்டு. சாதிப் பெயரைச் சுமக்க வைத்த தொழிலிலிருந்து ஒரு தலைமுறை விலகுமாயின், அதனைப் பண்பாட்டு இழப்பாக மாத்திரம் கணிக்க முடியுமா? பாடசாலை சென்று வேறு தொழில் தேடும் பிள்ளையைப் பார்த்து மரபைக் காக்குமாறு கூறும் உரிமை, அம்மரபின் சுமையை ஒருபோதும் சுமந்திராத நமக்கு இல்லை.

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்கின், கோல நெசவின் வரலாறு இரு வகைப் பறிப்புக்களை நமக்குக் காட்டுகிறது. லியோனில் அறிவு உழைப்பாளியிடமிருந்து பிரிக்கப்பட்டு மூலதனத்தின் உடைமையாயிற்று. கண்டியில் அறிவு உழைப்பாளியிடமே விடப்பட்டு, உழைப்பாளி நிலத்தோடும் சாதியோடும் கட்டப்பட்டார். முன்னதற்கு மாற்றாகப் பின்னதை முன்வைப்பது வரலாற்றைப் பின்னோக்கித் தள்ளுவதாகும். கோலத்தினால் வரும் வருவாயில் நெசவாளர் சமூகத்துக்குச் சட்டபூர்வமான பங்கு, அதன் பயன்பாட்டைத் தீர்மானிக்கும் அவைகளில் அவர்களுக்கு வாக்கு, தொழிலை ஏற்கவும் துறக்கவும் சமமான வாய்ப்பு ஆகிய மூன்றும் கிடைக்கும்போதே தும்பறை நெசவைப் பேணுதல் என்ற சொற்றொடர் பொருளுடையதாகும். கண்டிப் பிரதேசத்தின் கைவினைகளை ஆராய முற்படும் இளந்தலைமுறையினர், கோலங்களின் பட்டியலோடு நின்றுவிடாது இக்கோரிக்கைகளையும் தம் ஆய்வுப் பொருளாகக் கொள்வார்கள் என எதிர்பார்க்கிறோம்.