கறுப்புத் திரையில் 'கிரப் ரெஸ்க்யூ'... அவசரப்பட்டு ஃபார்மேட் பண்ணிடாதீங்க!

நைட் ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ் வல்லக்கோட்டையில் இறக்கிவிடும்போது மணி ஏழைத் தாண்டியிருக்கும். கோயில் பக்கம் ஒரு டீ, அப்புறம் நேரா ரூம். தூக்கம் வரும்வரை ஒரு படம் பார்க்கலாம் என்று ப்ளஸ் டூ-வில் கொடுத்த அந்தப் பழைய லேப்டாப்பைத் திறந்தால், சி டிரைவ் சிவப்பாக நிற்கிறது. இடமே இல்லையாம். டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் போய்ப் பார்த்தால், பேரும் இல்லாமல் எழுத்தும் இல்லாமல் ஒரு பார்ட்டிஷன் சும்மா கிடக்கிறது. 'யாருக்கும் பயன்படாத இடம்தானே?' ரைட் கிளிக், டெலீட். அந்த இடத்தை விண்டோஸ் பக்கம் சேர்த்தாச்சு. எல்லாம் சரியாகத்தான் ஓடுது.

நாலு நாள் கழித்து சார்ஜ் தீர்ந்து மெஷின் அணைகிறது. மறுபடி ஆன் செய்தால் கறுப்புத் திரை. 'நோ சச் பார்ட்டிஷன்' என்று ஒரு வரி, அதற்குக் கீழே 'கிரப் ரெஸ்க்யூ' என்று இரண்டு வார்த்தை, பக்கத்தில் மினுக்கிக்கொண்டு ஒரு கோடு. அவ்வளவுதான். போட்டோ, சர்டிஃபிகேட் ஸ்கேன், ரெஸ்யூமே எல்லாம் போச்சா?

போகலை. உங்க ஃபைல்கள் 99 சதவிகித நேரம் அப்படியே இருக்கும்னு சொல்ல ஆசைதான். கணக்கெடுத்துச் சொல்வதாக நினைத்துவிடுவீர்கள் என்பதால், 'பெரும்பாலும் இருக்கும்' என்று நிறுத்திக்கொள்கிறேன். அவை போவது இதற்கு அடுத்து நாம் பதறிப்போய்ச் செய்யும் காரியத்தில்தான்.

பேரில்லாத அந்த இடத்தில் யார் இருந்தது?

தமிழ்நாடு அரசின் இலவச லேப்டாப் திட்டம் தொடங்கியது 2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்த நாளில். எல்காட் நிறுவனம் மூலம் வாங்கி, அரசு மற்றும் அரசு உதவி பெறும் பள்ளி, கல்லூரி, பாலிடெக்னிக் மாணவர்களுக்குக் கொடுத்தார்கள். அந்த லேப்டாப்பை ஆன் செய்ததும் ஒரு மெனு வருமே, ஞாபகம் இருக்கா? விண்டோஸ் வேணுமா, பாஸ் வேணுமா என்று கேட்கும். 'பாஸ்' என்பது பாரத் ஆப்பரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ் என்பதன் சுருக்கம். மத்திய அரசின் சி-டாக் நிறுவனம், டெபியன் லினக்ஸை அடிப்படையாக வைத்து உருவாக்கியது. நம்மில் பலர் அந்தப் பக்கம் ஒரு தடவைகூடப் போயிருக்க மாட்டோம். ஆனால் அந்த மெனுவைக் காட்டியதே விண்டோஸ் கிடையாது. லினக்ஸோடு வந்த 'கிரப்' என்கிற பூட் லோடர்.

ஒரகடம் பக்கம் வேலை செய்கிறவர்களுக்குச் சட்டென்று புரிகிற மாதிரி சொல்கிறேன். கம்பெனி கேட்டில் ஒரு செக்யூரிட்டி அண்ணன். அவர் கையில் இருப்பது ஒரு துண்டுச் சீட்டு மட்டும்தான். 'அஞ்சாவது ஷெட்டில் ரிஜிஸ்டர் இருக்கு. அதைப் பார்த்துதான் யாரை எந்தப் பக்கம் அனுப்பணும்னு சொல்லணும்' என்று அதில் எழுதியிருக்கிறது. நீங்கள் அந்த ஷெட்டை இடித்துவிட்டீர்கள். பின்னால் பிளான்ட் முழுசாக நிற்கிறது, ஒரு போல்ட்கூடக் கழலவில்லை. ஆனால் கேட்டில் நிற்கும் அண்ணனுக்கு வழி தெரியாமல் எல்லோரையும் வெளியிலேயே நிறுத்திவைக்கிறார்.

இதில் அந்தக் கேட், டிஸ்க்கின் முதல் 512 பைட். எம்பிஆர் என்பார்கள். அதில் 446 பைட்தான் பூட் செய்யும் குறிப்பு. 64 பைட், எந்தப் பார்ட்டிஷன் எங்கே தொடங்குகிறது என்கிற அட்டவணை. கடைசி 2 பைட் ஒரு முத்திரை. 446 பைட்டில் ஒரு மெனுவைக்கூட முழுசாக அடைக்க முடியாது. அதனால்தான் கிரப் தன் ரிஜிஸ்டரை லினக்ஸ் பார்ட்டிஷனுக்குள் வைத்திருந்தது. நாலு நாள் ஒன்றும் ஆகாமல் ஓடியதற்குக் காரணமும் இதுவே. ஏற்கெனவே உள்ளே போய்விட்டவரை செக்யூரிட்டி மறுபடி கேட்கப்போவதில்லை. ஸ்லீப் மோடில் மூடித் திறந்துகொண்டே இருந்ததால், டெலீட் செய்ததற்கும் படுத்துக்கொண்டதற்கும் சம்பந்தமே நமக்குத் தோன்றவில்லை.

கேட்டில் புது ஆளைப் போடுவது எப்படி?

முதலில் தேவை ஒரு விண்டோஸ் பூட்டபிள் பென்டிரைவ். 8 ஜிபி போதும். ரூம்மேட் லேப்டாப்பிலோ பிரவுசிங் சென்டரிலோ மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து இறக்கிச் செய்துகொள்ளலாம். ரூஃபஸ் என்கிற இலவச டூல் இதற்கு வசதி. பென்டிரைவில் ஏற்கெனவே இருப்பது அழிந்துவிடும் என்பதால் அதிலிருக்கும் படங்களை முதலில் மாற்றிக்கொள்ளுங்கள். அதைச் செருகி, ஆன் செய்யும்போதே பூட் மெனு கீயைத் தட்டவேண்டும். கம்பெனிக்குக் கம்பெனி எஃப்12, எஃப்9, எஸ்கேப் என்று மாறும்.

இன்ஸ்டால் திரை வந்ததும், பெரிதாகத் தெரியும் 'இன்ஸ்டால் நவ்' பட்டனைத் தொடக்கூடாது. ஓரத்தில் சின்னதாக 'ரிப்பேர் யுவர் கம்ப்யூட்டர்' என்று இருக்கும். அதன் வழியாக கமாண்ட் பிராம்ப்ட் வரை போங்கள். போனில் ஒருவர் சொல்லச் சொல்ல நீங்கள் டைப் செய்வதாக நினைத்துக்கொள்ளுங்கள்: 'பூட்ரெக்', ஒரு இடம் விட்டு, வலப்பக்கம் சாய்ந்த கோடு, அதையொட்டி 'ஃபிக்ஸ்எம்பிஆர்'. என்டர். பழைய மாடல் லேப்டாப்புக்குப் பல நேரம் இந்த ஒரு வரியே போதும். எம்பிஆரில் இருந்த கிரப் குறிப்பு போய், விண்டோஸின் குறிப்பு வந்துவிடும். பார்ட்டிஷன் அட்டவணையை இது தொடாது.

அதற்குப் பிறகும் வரவில்லை என்றால் அதே பாணியில் 'ஃபிக்ஸ்பூட்', பிறகு 'ரீபில்ட்பிசிடி'. அப்போதும் அடம்பிடித்தால், விண்டோஸ் பார்ட்டிஷனுக்கு 'ஆக்டிவ்' அடையாளம் போயிருக்கலாம். டிஸ்க்பார்ட் கமாண்டில் போய் அந்த டிஸ்க்கையும், விண்டோஸின் பூட் ஃபைல் இருக்கும் பார்ட்டிஷனையும் தேர்ந்தெடுத்து 'ஆக்டிவ்' கொடுத்தால் போதும். ஒன்று மட்டும் ஞாபகம் வையுங்கள். டிஸ்க்பார்ட்டுக்குள் 'கிளீன்' என்று ஒரு கமாண்ட் உண்டு. பேரைப் பார்த்து 'குப்பையைச் சுத்தம் பண்ணும்போல' என்று அடித்துவிடாதீர்கள். பார்ட்டிஷன் அட்டவணையையே துடைத்துவிடும்.

'பூட்எம்ஜிஆர் ஈஸ் மிஸ்ஸிங்' என்று வந்தால் கதை கொஞ்சம் வேறு. விண்டோஸ் 7 தனக்கென்று 100 எம்பி-க்கு 'சிஸ்டம் ரிசர்வ்டு' என்று ஒரு குட்டிப் பார்ட்டிஷன் வைத்திருக்கும். 'இத்துனூண்டு இடம் எதுக்கு?' என்று அதைக் காலி செய்தவர்களுக்கு வரும் செய்தி இது. இதற்கும் பூட் ஃபைல்களைத் திரும்ப உருவாக்குவதுதான் வழி. ஃபைல்களுக்கு ஆபத்தில்லை.

சிலர் லினக்ஸை அழித்திருக்க மாட்டார்கள். அளவை மட்டும் மாற்றியிருப்பார்கள், அதில் பார்ட்டிஷனின் எண் மாறிப்போயிருக்கும். ஷெட் இருக்கிறது, நம்பர் பலகைதான் மாறிவிட்டது. கிரப் ரெஸ்க்யூ திரையிலேயே 'எல்எஸ்' என்று அடித்தால் பார்ட்டிஷன்களின் பட்டியல் வரும். ஒவ்வொன்றாகப் பார்த்து, 'பூட்' ஃபோல்டருக்குள் 'கிரப்' ஃபோல்டர் எதில் இருக்கிறது என்று கண்டுபிடித்து, 'செட் ப்ரிஃபிக்ஸ்' கமாண்டில் அந்த முகவரியைக் கொடுங்கள். பிறகு 'இன்ஸ்மாட் நார்மல்', அடுத்து 'நார்மல்'. பழைய மெனு திரும்ப வரும். இது அந்த ஒரு தடவைக்கு மட்டும்தான். லினக்ஸுக்குள் போனதும் கிரப்பை மறுபடி இன்ஸ்டால் செய்தால்தான் நிலைக்கும். கமாண்ட் என்றாலே அலர்ஜி என்பவர்களுக்கு, உபுன்டு லைவ் பென்டிரைவில் 'பூட் ரிப்பேர்' என்கிற டூலைப் போட்டு ஓட்டினாலும் நடக்கும்.

புது லேப்டாப் வைத்திருப்பவர்களுக்கு...

சில வருடங்களுக்குள் வாங்கிய மெஷின் என்றால் மேலே சொன்ன எம்பிஆர் வைத்தியம் பலிக்காது. இவை யுஇஎஃப்ஐ முறையில் இயங்குபவை. இங்கே கேட்டில் ஒரே ஒரு சீட்டு இல்லை. தனி ரிசப்ஷனே இருக்கிறது. இஎஃப்ஐ சிஸ்டம் பார்ட்டிஷன் என்று பெயர். சில நூறு எம்பி இருக்கும். விண்டோஸுக்கு ஒரு மேசை, லினக்ஸுக்கு ஒரு மேசை. அதனால் லினக்ஸை அழித்துவிட்டு மாட்டிக்கொண்டால், பல நேரம் பென்டிரைவ்கூட வேண்டாம். பூட் மெனுவைத் திறந்து 'விண்டோஸ் பூட் மேனேஜர்' என்பதைத் தேர்ந்தெடுங்கள், உள்ளே போய்விடும். பிறகு பயாஸ் செட்டிங்கில் அதை முதலிடத்துக்குக் கொண்டுவந்துவிட்டால் வேலை முடிந்தது.

அந்த ரிசப்ஷனையே இடித்துவிட்டவர்களுக்குத்தான் கொஞ்சம் வேலை. இணையத்தில் எங்கு தேடினாலும் 'ஃபிக்ஸ்பூட் அடியுங்கள்' என்பார்கள். விண்டோஸ் 10, 11-ல் அது 'ஆக்சஸ் ஈஸ் டினைடு' என்று முகத்திலடித்தாற்போல் சொல்வது சகஜம். பயப்பட வேண்டாம், 'பிசிடிபூட்' என்று இன்னொரு கமாண்ட் இருக்கிறது. டிஸ்க்பார்ட்டில் 'லிஸ்ட் வால்யூம்' கொடுத்து, ஃபேட்32 வகையில் இருக்கும் அந்தச் சின்ன பார்ட்டிஷனுக்கு ஒரு தற்காலிக எழுத்து கொடுத்துவிட்டு வெளியே வாருங்கள். பிறகு பிசிடிபூட்டிடம் விண்டோஸ் ஃபோல்டர் எங்கே இருக்கிறது, பூட் ஃபைலை எந்த எழுத்தில் எழுதவேண்டும் என்று இரண்டையும் சொன்னால் புதிதாக எழுதிக்கொடுக்கும். பார்ட்டிஷனே இல்லை என்றால், காலியாக இருக்கும் இடத்தில் முதலில் அதை உருவாக்கவேண்டும். ரிப்பேர் திரையில் சி டிரைவ் சில சமயம் டி ஆகவோ ஈ ஆகவோ பெயர் மாறி நிற்கும். 'டிர்' அடித்துப் பார்த்து, விண்டோஸ் ஃபோல்டர் கண்ணில் பட்ட பிறகு மற்றதைச் செய்யுங்கள்.

இதற்கு முன்னாலேயே ஒரு பூட்டு குறுக்கே நிற்கலாம். விண்டோஸ் 11 மெஷின்கள் பலவற்றில் டிஸ்க் தானாகவே என்க்ரிப்ட் ஆகியிருக்கும். ரிப்பேர் பக்கம் போனதும் பிட்லாக்கர் 48 இலக்க ரெகவரி கீயைக் கேட்கும். மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்டில் லாகின் செய்து பயன்படுத்தியிருந்தால், போனிலேயே அந்த அக்கவுன்ட்டைத் திறந்து எடுத்துக்கொள்ளலாம். அக்கவுன்ட் பாஸ்வேர்டே மறந்துபோனவர்கள் முதலில் அதை மீட்டாக வேண்டும். இந்தப் பூட்டுக்குக் குறுக்கு வழி கிடையாது. 2025 மார்ச் பட்ஜெட்டில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு லேப்டாப் அல்லது டேப்லெட் என்று அறிவித்தார்களே, அந்த வகையில் புதிதாக ஒன்று உங்கள் கைக்கு வருகிறது என்றால், முதல் நாளே இந்தக் கீ எங்கே இருக்கிறது என்று பார்த்து ஒரு பேப்பரில் எழுதிவைத்துவிடுங்கள்.

நிஜமான ஆபத்து வேறு இடத்தில்

பார்ட்டிஷனின் வலது ஓரத்தை நகர்த்துவதற்கும் இடது ஓரத்தை நகர்த்துவதற்கும் பெரிய வித்தியாசம் உண்டு. வலது ஓரத்தை நீட்டினால் பெரும்பாலும் கணக்கு மட்டும்தான் மாறும், சீக்கிரம் முடிந்துவிடும். இடது ஓரத்தை நகர்த்தினால், உள்ளே இருக்கும் அத்தனை டேட்டாவையும் தூக்கி வேறிடத்தில் வைத்தாக வேண்டும். பழைய ஹார்ட் டிஸ்க்கில் மணிக்கணக்கில் ஓடும். பேட்டரி செத்துப்போய் சார்ஜர் வயரில் உயிர் வாழும் லேப்டாப்பில் இதைத் தொடங்கிவிட்டு, பாதியில் பிளக்கைத் தட்டிவிட்டால் நிஜமாகவே டேட்டா சிதறும். விண்டோஸ் 10-க்கான சப்போர்ட் 2025 அக்டோபர் 14-ல் முடிந்த பிறகு, 'பழைய மெஷினில் லினக்ஸ் போட்டுப் பார்க்கலாமே' என்று இடம் ஒதுக்கக் கிளம்புகிறவர்களுக்கும் இதைத்தான் சொல்வேன். நல்ல யோசனைதான். ஆனால் விண்டோஸை விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டாலேயே வலதுபக்கம் சுருக்குங்கள். முக்கியமானதைக் காப்பி எடுத்தபிறகு சுருக்குங்கள்.

அவசரத்தில் உங்கள் ஃபைல் இருந்த பார்ட்டிஷனையே டெலீட் செய்துவிட்டீர்களா? அப்போதும் அழிந்தது அட்டவணையில் ஒரு வரிதான். அந்த டிஸ்க்கில் புதிதாக எதையும் எழுதாமல், லைவ் பென்டிரைவில் பூட் செய்து 'டெஸ்ட்டிஸ்க்' என்கிற இலவச டூலை ஓட்டினால், தொலைந்த பார்ட்டிஷனைத் தேடிப்பிடித்து அட்டவணையில் திரும்ப எழுத வாய்ப்பு அதிகம். எஸ்எஸ்டி என்றால் வாய்ப்பு குறையும். காலியான இடத்தை அதுவே உள்ளுக்குள் துடைத்துவிடக்கூடும் என்பதால் தாமதிக்கவே கூடாது.

இதெல்லாம் தெரியாத காலத்தில் நான் செய்ததைச் சொல்லிவிடுகிறேன். இதே கறுப்புத் திரை. லேப்டாப்பை ஒரு கடையில் கொடுத்தேன். சாயங்காலம் போனால், 'ஓஎஸ் போச்சு தம்பி, புதுசா போட்டுட்டேன், சூப்பரா ஓடும்' என்றார். ஓடியது. அக்கா கல்யாண வீடியோவும், அதில் இருந்த எங்கள் தாத்தாவும்தான் இல்லை. வேறெங்கும் காப்பி கிடையாது. அன்றைக்கு அந்த டிஸ்க்கில் போயிருந்தது கேட்டில் இருந்த ஒரு சீட்டு மட்டும்தான் என்று எனக்குப் புரிய மூன்று வருடமானது. கடைக்காரர் மேல் கோபமில்லை. ஓடலை என்று கொடுத்தேன், ஓடவைத்துக் கொடுத்தார். உள்ளே இருப்பது வேண்டும் என்று நான் சொல்லவே இல்லை.

அதனால் டைப் செய்யத் தைரியமில்லை என்றால் கடைக்குப் போவதில் தப்பே இல்லை. டிஸ்க்கில் 'டக் டக்' என்று சத்தம் வந்தாலும் இந்தக் கமாண்ட் எதையும் தொடாமல், ஆன்கூடச் செய்யாமல் நேரே டேட்டா ரெகவரி செய்பவரிடம்தான் போகவேண்டும். மற்றபடி போகும்போது, 'ஆன் ஆகலை' என்று மட்டும் சொல்லாதீர்கள். 'பார்ட்டிஷனை மாத்தினேன், அதுக்கப்புறம் பூட் ஆகலை, உள்ளே இருக்கிற ஃபைல் வேணும், ஃபார்மேட் பண்ணக்கூடாது' என்று சொல்லுங்கள். கடைக்காரர் கொடுக்கும் ரசீதில் அதை எழுதச் சொல்லி, ஒரு போட்டோவும் எடுத்துக்கொள்ளுங்கள்.