மக்ரானாக் கல்லும் ஆக்ராவின் உளியும்

முழுவதும் வெண்சலவைக்கல்லால் எழுந்ததாகவே பலரும் எண்ணும் தாஜ்மகாலின் உட்கட்டு, சுண்ணாம்புச் சாந்திட்டு அடுக்கிய செங்கற்களால் ஆனது. கண்ணில் படும் வெண்மை, அச்செங்கற்கட்டின்மேல் போர்த்தப்பட்ட சலவைக்கற் பலகைகளுக்கு உரியது. 1631இல் புர்ஹான்பூரில் இறந்த மும்தாஜ் மகலுக்காக ஷாஜகான் 1632இல் தொடங்கிய இப்பணியில், யமுனைக் கரையின் இளகிய மண் பாரம் தாங்காது என்பதை உணர்ந்த கட்டடக் கலைஞர்கள், ஆற்றோரமாகக் கிணறுகளை இறக்கி, கல்லும் சாந்தும் இட்டு நிரப்பி, அவற்றின்மேல் அடித்தளத்தை அமைத்தனர்.

சலவைக்கல், ஏறத்தாழ 400 கிலோமீட்டர் தொலைவிலுள்ள மக்ரானாச் சுரங்கங்களிலிருந்து மாட்டு வண்டிகளில் வந்தது. வண்டிகளைத் தருமாறும், கல்வெட்டும் தொழிலாளரைத் தடுத்து வைக்காமல் மக்ரானாவுக்கு அனுப்புமாறும் ஆம்பேர் அரசர் ஜெய்சிங்குக்கு ஷாஜகான் விடுத்த ஆணைகள், பேரரசின் கருவூலத்தைப் போலவே கைத்தொழிலாளரின் இருப்பும் இக்கட்டடத்துக்கு இன்றியமையாததாக இருந்ததைக் காட்டுகின்றன.

இக்கட்டடத்தின் தனிப்பெருமை, பர்ச்சின்காரி எனப்படும், கல்லைக் குடைந்து அதில் வண்ணக்கல் பதிக்கும் கலையில்தான் இருக்கிறது. பதக்‌ஷான் மலைகளின் லாபிஸ் லசூலி என்னும் நீலக்கல், சூதுபவளம், பச்சை நிற ஜேட் முதலியவற்றை, வில்லில் கட்டிய கம்பியாலும் குருந்தக்கல் பொடியாலும் மெல்லிய தகடுகளாக அறுத்து, இதழ், காம்பு, இலை என வடிவுக்கேற்பத் தேய்த்து, அதே அளவில் சலவைக்கல்லில் வெட்டிய பள்ளத்தில் ஒட்டி, இறுதியில் மேற்பரப்பு முழுவதையும் ஒருசேர மெருகிட்டனர். மும்தாஜின் நினைவுப்பேழையில் உள்ள பூக்களை நெருங்கிப் பார்த்தால், ஒரே இதழில் சிவப்பு ஓரத்தில் அடர்ந்தும் நடுவில் வெளிறியும் இருப்பது தெரியும். அது தீட்டிய வண்ணம் அன்று, இயல்பிலேயே நிறம் மாறும் கல்லைத் தேடி எடுத்து, அந்த மாற்றம் இதழின் வளைவுக்குப் பொருந்துமாறு வெட்டிய கைத்திறன். இத்தகைய வேலை 1620களில் எழுந்த இதிமாத் உத் தௌலாவின் கல்லறையிலேயே ஆக்ராவில் காணப்பட்டாலும், இங்கு அடைந்த நுட்பத்தை அது எட்டவில்லை என்றே சொல்ல வேண்டும்.

வாயில் வளைவுகளைச் சூழ்ந்த கறுப்புக் கல் எழுத்துகளை வடிவமைத்தவர் ஷிராஸில் பிறந்த அமானத் கான் ஆவார். கட்டடத்தில் தம் பெயரைப் பொறிக்கும் பேறு பெற்ற கலைஞர் அவர் ஒருவரே. கல் தச்சர்கள் விட்டுச்சென்றவை, கற்களின்மேல் செதுக்கிய விண்மீன், அம்பு, முக்கோணம் போன்ற சிறு குறிகள் மட்டுமே.